கடற்சாமந்திக்கு நல்ல நிறம் வந்த கதை

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிற கடற்சாமந்தி வெளுத்துக்கொண்டு வந்த நாட்களில் அதைப் பாராட்டாத ஆள் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரிக் கிட்டப் போய், குனிந்து, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு "நல்ல நிறம் வந்திருக்கு" என்றார்கள். நாங்களும் வாயெல்லாம் பல்லாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அது பட்டினியில் வெளுக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடற்சாமந்தி என்றதும் பூ என்று நினைக்க வேண்டாம். அது ஒரு சீவன். அடியைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக நிறையக் கைகளைத் தண்ணீரில் அசைத்துக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் அனிமனி என்பார்கள். தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சள் நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் ஒன்று அதற்குள் புகுந்து படுத்து எழும்பும். மற்ற மீன்களைக் கொட்டுகிற அந்தக் கைகள் இந்த மீனை மட்டும் ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு செல்லப்பிள்ளை இருக்கத்தானே செய்கிறது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். ஏன் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சம் ஒன்றும் விளங்காது. அவர் குடிப்பார். குடித்துக்கொண்டிருந்தார் என்று எழுதத்தான் எனக்கு விருப்பம், ஆனால் குடிகாரரின் பெண்சாதிமார் அப்படிப்பட்ட வினைச்சொற்களை அவசரப்பட்டு எழுதுவதில்லை. புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் கணக்குப் பார்க்கிறார். பின்னேரம் வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினால் காலி வீதியிலேயே ஒரு பார் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குத் திரும்ப முதல் அந்த வாசலைத் தாண்ட வேண்டும். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவர் அதை நேரே தாண்டிய நாட்கள் குறைவு.

பிறகு ஈரல் கெட்டது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் தன்னிடம் வர வேண்டாம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மனுசன் பயந்தார். விட்டார். விட்டது பெரிய காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விட்ட பிறகுதான் தெரிந்தது, பின்னேரம் ஆறரையிலிருந்து ஒன்பது மட்டும் என்று ஒரு நேரம் உலகத்தில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு இடமில்லை என்று. கோயிலுக்குப் போய்ப் பார்த்தார், அங்கே நிர்வாகசபைக்காரரோடு வாக்குவாதம். ரயில் பாதையோரம் நடந்து பார்த்தார், அங்கே பழைய கூட்டாளிமார் எதிர்ப்பட்டு "என்ன மச்சான், ஆளையே காணேல்லை" என்று உருகினார்கள். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை. வீட்டில் இருந்து செய்தி பார்த்தால் நாட்டில் உள்ள மந்திரிமாருக்கெல்லாம் என் முன்னால் நின்று ஏச்சு. நான் கோபக்காரி. அந்த மாதங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் என் தாடையே நோகத் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி முன்னால மீன்தொட்டிக் கடைக்குள்ள போனவன்," என்றா மச்சாள். "மத்தியானத்தில இருந்து அங்கதான் நிக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வாறானில்லை."

கடையில் நிற்கிறார் என்ற செய்தியைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான் முதல்.

அடுத்த வாரமே தொட்டி வந்தது. சின்னத் தொட்டி, முன்பு டிவி வைத்திருந்த மேசையில் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெந்தளைப் பக்கம் போய்க் கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலேயே கடல் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீரில் வாய்க்கால் தண்ணீரும் கலக்கிறது, சரிவராது என்றார். மூன்றாம் மாடிக்குக் கேன் தூக்கினார். நிலமெல்லாம் உப்புத் தண்ணீர், மேசை விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு, குளிர்சாதனப் பெட்டியில் என் மோர்மிளகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் அனிமனிக்கு வெட்டிய இறால். நான் வாய் திறக்கவில்லை. பின்னேரம் வேலையால் வந்து மேல் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருப்பார். இறாலைச் சின்னச் சின்னதாக நறுக்குகிற சத்தம் குசினிக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் மட்டும் மனுசன் வீட்டில்தான் இருக்கிறார் என்று என்பாட்டில் நான் சமைப்பேன். அப்படியே ஒரு வருசத்துக்குக் கிட்ட ஓடியது.

வெளிச்சம் முக்கியம் என்று கடைக்காரர் அப்போதே சொல்லித்தான் கொடுத்தார். தொட்டியோடு ஒடுங்கலாக ஒரு விளக்கும் வந்தது, கொஞ்சம் நீலம் பாய்ந்த வெளிச்சம். அதைக் காலையில் போட்டு, அவர் கதிரையை விட்டு எழும்பும்போது நிறுத்துவோம். மத்தியானத்துக்குப் பிறகு கடல் பக்கத்து ஜன்னலால் வெயில் நேரே தொட்டியில் விழும். அனிமனி கொழுகொழுவென்று, நல்ல சாயம் விட்ட பால் தேத்தண்ணீர் நிறத்தில், கைநுனிகளில் மட்டும் ஊதாவாக இருந்தது. அது அப்படி இருந்ததற்கு விளக்கை விட வெயில்தான் காரணம் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. காசு கேட்காமல் வருகிறதை யார் யோசிக்கிறார்கள்?

பிறகு பக்கத்து வளவில் இருந்த பழைய வீட்டை இடித்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டை இடித்தால் என்ன வரும் என்று தெரியும்தானே. பச்சை வலையைச் சுற்றிக்கொண்டு தட்டுத் தட்டாக எழும்பி வந்து, கடல் பக்கத்து ஜன்னலை மறைத்துக்கொண்டு எங்கள் மாடியைத் தாண்டி அந்த அடுக்குமாடி மேலே போனபோது, பட்டப்பகலில் ஹோலுக்கு லைட் போட வேண்டி வந்தது. உடுப்புக் காயவில்லை என்று நான் கத்தினேன். காற்று வரவில்லை என்று அவர் கத்தினார். தொட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுக்குத்தான் சொந்தமாக ஒரு விளக்கு எரிகிறதே, பார்க்கிற எங்கள் கண்ணுக்குப் பளிச்சென்றுதானே இருக்கிறது.

அனிமனி ஒரே நாளில் வெளுக்கவில்லை. தேத்தண்ணீரில் நாளுக்கொரு கரண்டி பால் கூட விட்டது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மச்சாள்தான் முதலில் கண்டா.

"தம்பி, முந்தி ஒரு மாதிரிக் கறுப்பாவெல்லோ இருந்தது. இப்ப நல்ல நிறமா வந்திருக்கு. என்ன குடுக்கிறனி?"

"நல்ல தண்ணி அக்கா. தண்ணிதான் முக்கியம்," என்றார் இவர், தண்ணியைப் பற்றிப் பேச உலகத்தில் தனக்கு மட்டும்தான் தகுதி இருக்கிற மாதிரி.

அன்றிலிருந்து அதுக்கு வெள்ளைக்காரி என்று பெயர். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் "இவதான் எங்கட வெள்ளைக்காரி" என்பார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். என்னைக் கலியாணம் பேசியபோது தரகர் என் விபரத்தில் "பொது நிறம்" என்று எழுதினார். எங்கள் ஆட்களின் பாசையில் அதற்குக் கறுப்பு என்று அர்த்தம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். பார்க்க வந்த இடத்தில் இதே மச்சாள்தான் "இஞ்சால வெளிச்சத்துக்கு வாரும் பாப்பம்" என்று என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டவ. அதனால் வெள்ளைக்காரியில் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது உண்மை. ஆனால் வடிவாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சனம்தானே நாங்கள், அதில் நான் மட்டும் எப்படித் தப்புவது?

ஒருநாள் பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்கிற கந்தோரில், பக்கத்து மேசைப் பிள்ளை தொட்டியைப் படத்தில் காட்டச் சொன்னாள். போனில் தேடியபோது வாங்கிய அன்று எடுத்த படமும் போன கிழமை எடுத்த படமும் அடுத்தடுத்து வந்தன.

"இது ரெண்டும் வேற வேறயா அன்ரி?" என்று கேட்டாள்.

நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழைய படத்தில் அது ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு விரிந்து, மண்ணிறமாக, கைகள் நீளமாக இருந்தது. புதியதில் பாதிக்குப் பாதி. கைகள் குட்டையாகி, உடம்பு ஊடு தெரிகிற வெள்ளையில், காய்ச்சலில் கிடந்து எழும்பின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் போனில் தேடி வாசித்தேன். அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அந்தப் பாசி வெளிச்சத்தை வைத்துச் சாப்பாடு செய்து, தானும் தின்று, குடியிருக்க இடம் தந்த அனிமனிக்கும் கொடுக்கிறதாம். மண்ணிறம் அந்தப் பாசியின் நிறம். வெளிச்சம் காணாவிட்டால் பாசி போய்விடும், பாசி போனால் அனிமனி வெளுக்கும், வெளுத்ததை அப்படியே விட்டால் சுருங்கிச் சுருங்கிச் செத்துப்போகும். நாங்கள் கொடுக்கிற இறால் துண்டு அதைக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஒரு சீவன் வீட்டுக்குள் பட்டினி கிடக்க, நாங்கள் ஆட்களைக் கூட்டிவந்து அதன் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் உண்மையைச் சொன்னால், என் பயம் அனிமனிக்காக இல்லை. அது செத்தால் அந்தக் கதிரை என்னவாகும் என்றுதான் பயம். கதிரை காலியானால் ஆறரை மணிக்கு அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். போனால் ஈரல் என்ன சொல்லும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அவரிடம் சொல்லாமல் நானே இதைச் சரிப்படுத்துவது என்று முடிவெடுத்தேன். நான் ஒரு முடிவெடுத்தால் அதில் அவசரம்தான் முன்னுக்கு நிற்கும்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவருடைய கடைத்தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு, புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் விற்கிற இடத்துக்குப் போனேன். இருக்கிறதிலேயே வெளிச்சம் கூடின விளக்கு வேண்டும் என்றேன். கடையில் நின்ற தம்பி தட்டையாகப் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"எதுக்கு மிஸ்?"

"மீன்தொட்டிக்கு."

"எவ்வளவு பெரிய தொட்டி?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"மிஸ், இது கராஜுக்குப் போடுற லைட். கலியாண வீட்டு முற்றத்துக்கும் காணும்."

"தாங்கோ," என்றேன். பட்டினி கிடந்து வருகிற ஆளுக்குக் கஞ்சி வைக்கத் தெரியுமா எங்களுக்கு? சோற்றைக் குவித்து, அதற்கு மேல் இன்னொரு அகப்பை போட்டு, "தின்னுங்கோ, தின்னுங்கோ" என்று நிற்கிறதுதானே எங்கள் வழக்கம். அந்தப் புத்திதான் அன்றைக்கும் வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து, தொட்டிக்கு மேலே இருக்கிற சுவர்த்தட்டில் அதை இறுக்கிக் கட்டி சுவிட்சைப் போட்டேன். ஹோல் ஒப்பரேசன் தியேட்டர் மாதிரி ஆனது. தொட்டிக்குள் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கோ பரம சந்தோசம். தேத்தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு அவருடைய கதிரையில் போய் இருந்தேன்.

தேத்தண்ணீர் முடிய முதலே அனிமனி கைகளை உள்ளே இழுக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றாகச் சுருங்கி, கடைசியில் ஒரு வெள்ளை முஷ்டி மட்டும் மிஞ்சியது. படுக்கை போன மீன் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நான் பதறி விளக்கை நிறுத்தினேன். பிறகு வெளிச்சம் இல்லாமல்தானே இவ்வளவும் என்று திரும்பப் போட்டேன். திரும்ப நிறுத்தினேன். அதற்குள் அது கல்லில் இருந்த பிடியையும் விட்டுவிட்டு, நனைந்த துணித்துண்டு போல மணலில் சரிந்து கிடந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நானேதான்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டியைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த விளக்கைப் பார்த்தார்.

"என்ன செய்தனீர்?"

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வெள்ளை நிறம் வருத்தம், நோய் என்றேன், பட்டினி என்றேன், வெயில் மறைத்தது என்றேன், உங்களுக்குச் சொன்னால் மனம் உடைவீர்கள் என்று சொல்லவில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"செத்துப்போச்சு," என்றார்.

ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பி நானும் ஏசியிருப்பேன், இருவருக்கும் பசி எடுத்திருக்கும். அவர் ஏசவில்லை. மேல் கழுவவும் போகவில்லை. கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டார்.

"கடைக்குப் போட்டு வாறன்."

"என்ன கடைக்கு?"

"சும்மா."

அந்தச் சும்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். கதவு சாத்தின சத்தம் கேட்டும் நான் அசையாமல் நின்றேன். பிறகு அவருக்குப் போன் எடுத்தேன், அது மேசையில் கிடந்தே அடித்தது. அதற்கு மேல் என்னால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. வீட்டில் போடுகிற ஹவுஸ்கோட்டோடு படியிறங்கி, ஒழுங்கையால் காலி வீதிக்கு ஓடாக் குறையாகப் போனேன்.

பாருக்கு நேர் எதிரே, வீதியின் மற்றப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் வாசலில் நின்றேன். பாரின் கதவும் ஜன்னலும் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருக்கிறவருக்கு வீதி தெரியும், வீதியில் நிற்கிறவருக்குத் தன் முகம்தான் தெரியும். அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கடந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தால் தெரியும். பஸ்ஸும் வேனும் விடாமல் வந்துகொண்டிருந்தன, அதைச் சாட்டி நான் கடக்காமல் நின்றேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் மாடியில் குடியிருக்கிற ஒருவர் என்னைக் கண்டு "என்ன, பஸ்ஸுக்கோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். ஹவுஸ்கோட்டோடு பஸ் ஏறப் போகிற பொம்பிளையை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கதவு திறந்து யார் யாரோ வந்தார்கள், அவர் வரவில்லை. கால் நோகத் தொடங்கியதும் திரும்பி நடந்தேன். வருகிற வழியெல்லாம் டொக்டரின் முகம்தான் வந்தது.

கதவைத் திறந்தால் மனுசன் ஹோலில் கதிரையில் இருக்கிறார்.

"எங்க போனனீர்?" என்று என்னைக் கேட்டார்.

"பாண் வாங்க."

என் கையில் பாண் இல்லை. அவர் அதைக் கண்டார். சுவிட்சைத் தட்டுகிற சாட்டில் அவருக்குக் கிட்டப் போய் மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். வியர்வை மணம், பஸ் மணம், வேறொன்றும் இல்லை. இன்னொருமுறை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது.

அவருடைய மடியில் ஒரு கடைப் பார்சல் இருந்தது.

"அது என்ன?"

"நுளம்பு வலை. இரவில கடிக்குதே, ஜன்னலுக்கு," என்றார். பிறகு, "அந்தப் பெரிய லைட்டைப் போடும் பாப்பம்," என்றார்.

போட்டேன். கண்ணைச் சுருக்கினார். "கடவுளே, மனுசனுக்கே கண் குத்துது, அது பாவம் என்ன செய்யும்," என்று சொல்லிக்கொண்டு எழும்பி, புது வலையைப் பல மடிப்பாக மடித்து விளக்குக்குக் கீழே தொங்கக் கட்டினார். வெளிச்சம் பதமாக இறங்கியது. இரண்டு பேரும் நிலத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முஷ்டி அப்படியே கிடந்தது. மீன் போய் அதில் முதுகை உரசிவிட்டு வந்தது. நான் சோறு போட எழும்பிய நேரத்தில் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். வெள்ளையாக ஒரு விரல், முனையில் ஊதாவோடு, வெளியே வந்து அசைந்தது.

"சாகேல்லை," என்றார். அன்றைக்கு நாங்கள் சோறு தின்ற மாதிரி அந்த வருசத்தில் ஒருநாளும் தின்றதில்லை.

அடுத்த நாள் அது தானாகவே போய்க் கல்லில் ஒட்டிக்கொண்டது. வலையின் மடிப்பைக் கிழமைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். இறாலை முன்பைவிடச் சின்னதாக நறுக்கினார். முதலில் சாம்பல் மாதிரி ஒரு நிறம் அடியில் தெரிந்தது, பிறகு அது ஏறி ஏறி, கடைசி மடிப்பையும் எடுத்தபோது பழைய பால் தேத்தண்ணீர் நிறம் வந்துவிட்டது. கைகள் நீண்டன, சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு விரிந்தது. பலவீனமான அனிமனிக்குப் பெரிய வெளிச்சத்தை இப்படி வலைக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும் என்று பிறகு நான் வாசித்து அறிந்தேன். ஆச்சரியமாகப் போய்விட்டது. வாசிக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறதே. கந்தோரில் சொன்னேன், போனில் சொன்னேன், கண்டவர் நின்றவருக்கெல்லாம் அவருடைய மூளையைப் புகழ்ந்தேன். புகழும்போது அவர் தலை குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன். இந்த மனுசனுக்கு அடக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மச்சாள் வந்தா. தொட்டியைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தா.

"என்ன தம்பி, இப்பிடிக் கறுத்துப்போச்சு? என்ன நிறமா இருந்தது."

"ஓம் அக்கா," என்றார் இவர். "இப்பதான் சாப்பிடுது."

நான் குசினிக்குள் போய்ச் சிரித்து முடித்துவிட்டுத்தான் அவவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், நான் ஊரில் இருக்கிற என் தங்கச்சிக்குப் போனில் வலைக் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் கதிரையில் இருந்து இறால் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும்," என்றார். "அந்த வலைக் கதையை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

"ஏன்? நல்லதுதானே சொல்லுறன்."

"நான் அதை லைட்டுக்கெண்டு வாங்கேல்லை."

"ஜன்னலுக்கெண்டு வாங்கினீங்கள். தெரியும். ஆனா மூளை வேலை செய்ததுதானே?"

"ஜன்னலுக்கும் இல்லை." கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு நான் உள்ளுக்கதான் இருந்தனான்."

நான் போனைக் கீழே வைத்தேன்.

"ஓடர் பண்ணி, கொண்டுவந்து வச்சிட்டாங்கள். கையில எடுத்திட்டன். எடுத்திட்டு அப்பிடியே வெளிய பாத்தா, மருந்துக்கடை வாசல்ல நீர் நிக்கிறீர். ஹவுஸ்கோட்டோட."

"குடிச்சனீங்களோ?"

"இல்லை. வச்சிட்டு, காசைக் குடுத்திட்டு, பின்பக்கத்தால வெளிய வந்திட்டன். கடைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வெறுங்கையோட எப்பிடி வாறது? வழியில துணிக்கடை திறந்திருந்தது. உள்ளுக்குப் போனன். அவங்கள் என்ன வேணும் எண்டு கேட்டாங்கள். வாயில நுளம்பு வலை எண்டு வந்துது."

கோபம் வரும் என்று பார்த்தேன், என் கோபம் எனக்குத் தெரியும், அது வருகிற வழியும் தெரியும். வரவில்லை. கையில் எடுத்ததை மனுசன் கீழே வைத்திருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது, நல்ல அழுகை.

"குடிக்காததுக்கே காசு குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம். என்ன செய்யிறது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருசம் யாருக்கும் சொல்லாத ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

"முந்தியும் நான் அந்த மருந்துக்கடை வாசல்ல வந்து நிண்டிருக்கிறன். தெரியுமோ?"

அவர் நறுக்குவதை நிறுத்தினார். "எப்ப?"

"எத்தினையோ தரம். எத்தினையோ வருசம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருநாளும் காணேல்லையே," என்றார்.

"எப்பிடிக் காணுவீங்கள்? கிளாசையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனீங்கள்," என்றேன். கோபமாகத்தான் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லி முடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.